கசியாத கோப்பைக்காக ஏழு சூளை

மேசைமேல் ஓர் ஈர வளையம். இந்தப் பதிவில் உள்ள எல்லாமே அதிலிருந்துதான் தொடங்கியது.

மண்பாண்டம் செய்யச் சக்கரத்தில் உட்காரத் தொடங்கி அப்போது இரண்டு வருடம். பூச்சாடி, அகலக் கிண்ணம், மூடி போட்ட சின்ன ஜாடி என்று அலமாரி நிறையச் செய்திருந்தேன். எல்லாம் பார்க்க வைத்தவை. தினமும் எடுத்து, ஊற்றி, குடித்து, கழுவிக் கவிழ்க்கிற பாத்திரம் ஒன்றுகூட அதில் இல்லை. அந்தக் குறை உறுத்திக்கொண்டே இருந்தது. கைப்பிடி வைத்த கோப்பைகள் ஆறு செய்தேன். காயவைத்து, ஒருமுறை சுட்டு, கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடியாகப் படியும் பூச்சு) பூசி, மறுபடி சுட்டு எடுத்தபோது ஆறும் பளபளவென்று வந்தன. ஒன்றை அத்தைக்குக் கொடுத்தேன்.

நான்காம் நாள் அத்தை கூப்பிட்டார். "கண்ணு, கோப்பை நல்லா இருக்கு. ஆனா வச்ச இடத்துல ஈரம் படியுது. கழுவிட்டு சரியாத் துடைக்கலையோன்னு பாத்தேன். துடைச்சு வச்சாலும் அப்படித்தான். அப்புறம், மைக்ரோவேவ்ல வச்சா உள்ள இருக்கிறதைவிடக் காதுதான் அதிகமா சுடுது."

என்னிடம் மிச்சம் இருந்த ஐந்திலும் தண்ணீர் ஊற்றி, பழைய செய்தித்தாள் மேல் ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் நான்கின் அடியில் தாள் ஊறிப்போயிருந்தது. ஐந்தாவதின் கீழே ஈரம் லேசாகத் தெரிந்தது. உள்பக்கம் முழுக்க கிளேஸ் இருக்கிறது, எங்கேயும் ஓட்டை இல்லை, பிறகு எப்படி? விளக்கின் பக்கம் சாய்த்துப் பார்த்தால் கிளேஸ் முழுக்க மயிரிழை விரிசல், சிலந்தி வலை போல. தண்ணீர் அந்த விரிசல் வழியாக மண்ணுக்குள் இறங்கி, கிளேஸ் பூசாத அடி வளையம் வழியாக வெளியே வருகிறது.

அத்தை சொன்ன இரண்டாவது விஷயமும் இதே காரணம்தான். தண்ணீர் குடித்த மண்ணை மைக்ரோவேவில் வைத்தால், மண்ணுக்குள் இருக்கும் தண்ணீரும் சேர்ந்து சூடாகும். காது, அதாவது கைப்பிடி, சுடுவது அதனால்தான். நன்றாக வெந்த மண்ணில் அந்தத் தண்ணீரே இருக்காது.

ஆக, கோளாறு இரண்டு. கிளேஸ் விரிகிறது, மண் குடிக்கிறது. எதை முதலில் சரிசெய்வது என்று எனக்குக் குழப்பமே வரவில்லை. மண்தான் முதல். கிளேஸ் ஒரு சட்டை மாதிரி. உடம்பு சரியில்லாதபோது சட்டையை மாற்றிப் பயனில்லை. மண் தண்ணீர் குடிக்காத அளவுக்கு வெந்துவிட்டால், என்றைக்காவது கிளேஸ் விரிந்தாலும் மேசையில் வளையம் விழாது.

வேக்காடு

மண் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளப்பது எளிது. ஒரு தராசும் ஒரு பாத்திரமும் போதும். கிளேஸ் பூசாத மண்பட்டைகளைக் கோப்பைகளோடு சேர்த்துச் சுட வேண்டும். சூளையிலிருந்து எடுத்த உடனே எடை போட வேண்டும். பிறகு இரண்டு மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவைத்து, அதே தண்ணீரில் ஒருநாள் ஊறவிட்டு, எடுத்து மேல் ஈரத்தைத் துணியால் ஒற்றி மறுபடி எடை போட வேண்டும். கூடிய எடையை முதல் எடையால் வகுத்தால் சதவீதம் கிடைக்கும். தராசு பத்தில் ஒரு கிராம் வரை காட்டினால் நல்லது.

என் பட்டை 96.4 கிராம் இருந்தது, 101.2 ஆனது. கிட்டத்தட்ட 5 சதவீதம். அன்றாடப் பாத்திரத்துக்கான ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுட்டு இறுகும் மண்பாண்டம்) 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலான கணக்கு. ஒரு சதவீதத்தை ஒட்டி வந்தால் நிம்மதி. 5 என்றால் அரைவேக்காடு.

ஆனால் சூளையின் திரை 1,240 டிகிரி செல்சியஸ் என்று காட்டியதே? இங்கேதான் நான் இரண்டு வருடமாகக் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. சூளைக்குள் இருக்கும் வெப்பமானி, தான் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு புள்ளியின் வெப்பத்தைத்தான் சொல்லும். மண்ணுக்கு முக்கியம் அந்த வெப்பம் எவ்வளவு நேரம் இருந்தது என்பதும், தன் தட்டுக்கு அது வந்து சேர்ந்ததா என்பதும். அரிசி வேக நெருப்பும் வேண்டும், நேரமும் வேண்டும். இதற்காகத்தான் கோன் வைக்கிறோம். சூளைக்குள் நிற்கும் மெல்லிய கூம்பு அது. மண்ணும் கிளேஸும் செய்யப்படுகிற அதே மாதிரிப் பொருள்களால் ஆனது. வெப்பத்தையும் நேரத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, தனக்கென்று உள்ள பதம் வந்ததும் தலை சாயும். பெர்லினில் ஹெர்மன் சேகர் 1886ல் இதை ஒரு ஒழுங்கான வரிசையாக்கினார். அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்டன் 1896ல் செய்யத் தொடங்கிய கோன் வரிசையின் எண்களைத்தான் இன்று பல நாட்டுக் குயவர்களும் சொல்கிறோம். ஆறாம் கோன் என்றால், சூடேற்றும் வேகத்தைப் பொறுத்து, சுமார் 1,220 முதல் 1,240 டிகிரி.

இரண்டாம் சூளையில், அதாவது இரண்டாம் முறை சுட்டபோது, மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு மூன்றிலும் ஐந்து, ஆறு, ஏழு என்று மும்மூன்று கோன்கள் நிறுத்தினேன். திறந்து பார்த்தபோது மேல்தட்டில் ஆறு அழகாக வளைந்திருந்தது. கீழ்த்தட்டில் ஆறு நிமிர்ந்தே நின்றது, ஐந்துகூடப் பாதிதான் சாய்ந்திருந்தது. மேலும் கீழும் ஒரு கோனுக்கும் மேல் வித்தியாசம்! முதல் சூளையில் மற்றவற்றைவிடக் குறைவாகக் கசிந்த அந்த ஐந்தாவது கோப்பை மேல்தட்டில் இருந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இதைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. கீழ்த்தட்டை நெருக்கி அடுக்காமல் விட்டேன். கடைசி 100 டிகிரியை மணிக்கு 60 டிகிரி வேகத்தில் ஏற்றினேன். உச்சியைத் தொட்டதும் அணைக்காமல் 15 நிமிடம் பிடித்து வைத்தேன், சூடு கீழே வரை பரவட்டும் என்று. மூன்றாம் சூளையில் மூன்று தட்டிலும் ஆறாம் கோன் ஏறக்குறைய ஒரே மாதிரி வளைந்தது.

பட்டையை எடை போட்டேன். 3.9 சதவீதம்.

மனசு உடைந்துதான் போனது. சூளை சரியாக இருக்கிறது, கோன் சாட்சி சொல்கிறது, மண் இன்னும் குடிக்கிறது. மண் மூட்டையை எடுத்து அதில் அச்சடித்திருப்பதைப் படித்தேன்: 1,200 முதல் 1,280 டிகிரி வரை. அதை நான் இத்தனை நாளும், 'இந்த இரண்டு எல்லைக்குள் எங்கே சுட்டாலும் சரி' என்று புரிந்துகொண்டிருந்தேன். அப்படி இல்லை. ஒரு மண் முழுதாக வேகும் வெப்ப எல்லை மிகவும் குறுகியது. 1,280ல் கெட்டியாக இறுகும் மண், 1,220ல் உடையாமல் நிற்கும், தட்டினால் மணிச் சத்தமும் தரும், ஆனால் உள்ளே துளைகள் மூடியிருக்காது. பூச்சாடிக்கு அது பரவாயில்லை. கோப்பைக்கு ஆகாது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது அகலமான எல்லை போட்ட மண்ணில் பாத்திரம் செய்துகொண்டிருந்தால், மூட்டையை நம்புவதற்கு முன் ஒரு பட்டையைக் கொதிக்கவைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். பல மாதக் குழப்பத்தை மிச்சப்படுத்தும்.

ஆறாம் கோனிலேயே முழுதாக வேகும் வேறொரு மண் வாங்கினேன். அதற்கு இரண்டு சோதனை செய்தேன். ஒன்று அதே எடைச் சோதனை: 94.2 கிராம் 95.2 ஆனது, ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். இன்னொன்று தொய்வுச் சோதனை. ஒரு நீளப் பட்டையை இரண்டு முனையில் மட்டும் முட்டுக்கொடுத்து, நடுவில் பிடிப்பில்லாமல் சூளையில் வைப்பது. மண் தேவைக்கு மேல் வெந்தால் பட்டை பாகாகத் தொய்ந்து போகும். அது போல வேகும் மண்ணில் செய்த கோப்பையின் வாய் கோணும், உள்ளே கொப்புளமும் வரும். என் பட்டை நடுவில் இரண்டு மில்லிமீட்டர்தான் இறங்கியிருந்தது. இந்த மண் போதும் என்று முடிவு செய்தேன்.

அளவும் எடையும்

புது மண் ஈரத்திலிருந்து கடைசிச் சூளை வரை 12 சதவீதம் சுருங்குகிறது. ஈர மண்ணில் சரியாக 10 சென்டிமீட்டருக்குக் கோடு கிழித்துச் சுட்டால் 8.8 வருகிறது. கேட்க சின்ன எண் போலத் தோன்றும். ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் கொள்ளளவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 300 மில்லி பிடிக்கும் கோப்பை வேண்டுமென்றால் சக்கரத்தில் 440 மில்லி பிடிக்கும்படி எழுப்ப வேண்டும். என் பழைய கோப்பைகள் எல்லாம் கையில் பெரிதாக இருந்து, சூளையிலிருந்து வரும்போது ஏமாற்றியது இதனால்தான். இப்போது சக்கரத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன்: முடிந்த உயரம் 9, ஈரத்தில் 10.2.

எடையும் அப்படித்தான். முன்பெல்லாம் கைக்கு வந்த மண்ணை எடுத்து உருட்டுவேன். இப்போது 450 கிராம் உருண்டைகளாகத் தராசில் நிறுத்து வைக்கிறேன். கோப்பைக்கு அது போதும். செதுக்கி, காய்ந்து, சுட்டு முடிந்த பின் கைப்பிடியோடு சேர்த்தும் 350 கிராமைத் தாண்டுவதில்லை. பழைய கோப்பை ஒன்று 520 கிராம் இருந்தது. அதில் பானமும் சேர்ந்தால் முக்கால் கிலோவுக்கு மேல். தினமும் அதைத் தூக்கச் சொல்லி ஒருவருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று நினைக்கும்போது வருத்தமாக இருந்தது.

ஒரே அளவில் உருண்டை எடுத்து, ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது சலிப்பான வேலை என்று நினைத்திருந்தேன். 1920ல் குயவர்கள் பெர்னார்ட் லீச்சும் ஹமடா ஷோஜியும் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் தொடங்கிய பட்டறை, பிற்காலத்தில் குறிப்பிட்ட சில அன்றாடப் பாத்திர வடிவங்களை எடுத்துக்கொண்டு அவற்றையே தொடர்ந்து செய்து வந்தது. பயிற்சிக்கு வந்தவர்களின் கை பழகியது அந்த வேலையில்தான். நானும் ஒரு மாதம் கோப்பை தவிர வேறு எதுவும் செய்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. அதில் பத்தைக் கம்பியால் நடுவில் வெட்டிச் சுவரின் கனத்தைப் பார்ப்பேன், மறுபடி பிசைந்துவிடுவேன். முதல் வாரம் அடி 9 மில்லிமீட்டர், வாய் 3 என்று தாறுமாறாக இருந்தது. மூன்றாம் வாரத்தில் அடி 6, சுவர் மேலே வரை 4. வெட்டிப் பார்க்காமல் இதை யாராலும் எனக்குச் சொல்லிப் புரியவைத்திருக்க முடியாது. கண்ணுக்குத் தெரிவது வெளிவடிவம் மட்டும்தான்.

வெட்டிப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. அடிப்பாகத்தில் எஸ் வடிவ வெடிப்பு அடிக்கடி வந்ததற்குக் காரணம், நான் அடியை விரித்துவிட்டு அப்படியே விட்டதுதான். சுவரை மேலே இழுக்கும்போது மண் அழுத்தப்படுகிறது. அடி மட்டும் அழுத்தம் வாங்காமல் தளர்வாக நிற்கிறது. அதன்மேல் தேங்கிய தண்ணீரையும் ஒற்றாமல் விட்டால் அது கடைசியாகக் காய்ந்து வெடிக்கிறது. இப்போது அடியை விரித்ததும் விரல் நுனியால் ஓரத்திலிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து ஓரத்துக்கும் மூன்று முறை அழுத்தி ஓட்டுகிறேன், பஞ்சால் தண்ணீரை எடுத்துவிடுகிறேன். அந்த வெடிப்பு அதற்குப் பிறகு ஒரே ஒருமுறைதான் வந்தது.

காது

பச்சைமண்ணும் சுட்டமண்ணும் ஒட்டாது என்பார்கள். பச்சைமண்ணோடு பச்சைமண்ணே ஒட்டாது, இரண்டின் ஈரமும் வேறாக இருந்தால். நான்காம் சூளைக்குச் செய்த எட்டுக் கோப்பைகளில் மூன்றில், காதின் மேல்முனை ஒட்டிய இடத்தில் மெல்லிய வெடிப்பு. கோப்பை தோல் பதத்துக்கு இறுகி, பாதி சுருங்கி முடித்திருந்தது. காது அப்போதுதான் இழுத்த ஈர மண். ஒட்டிய பின் காது தன் சுருக்கத்தைத் தனியாகச் செய்தது, ஒட்டிய இடம் பிய்ந்தது.

இப்போது செய்வது இது. மண்ணைக் கேரட் வடிவில் உருட்டி, கையை நனைத்து நனைத்து, பசுவின் காம்பைப் பிடித்துக் கறப்பது போல் கீழ்நோக்கி இழுத்துப் பட்டையாக்குகிறேன். வளைத்துப் பலகையில் வைத்து, தன் வளைவிலேயே நிற்கும் வரை காத்திருக்கிறேன். கோப்பையை அதற்கு முன்பே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஈரம் போகாமல் வைத்திருப்பேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பதத்துக்கு வந்ததும், ஒட்டும் இடத்தைக் கீறி, மண்கூழ் தடவி, கோப்பையின் உள்பக்கம் ஒரு விரலால் முட்டுக்கொடுத்து அழுத்தி ஒட்டுகிறேன். பிறகு எல்லாவற்றையும் மூடி ஒரு ராத்திரி முழுக்க விடுகிறேன், ஈரம் இரண்டுக்கும் இடையில் சமமாகட்டும் என்று. மறுநாள் லேசாகத் திறந்து, மூன்று நாளில் காயவிடுகிறேன். அவசரப்பட்டு மின்விசிறிக் காற்றில் வைத்தால், மெல்லிய காது முதலில் காய்ந்து மறுபடி அதே கதைதான்.

காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அதனால் முதல் சுடுதலை, பிஸ்க் என்று சொல்வோமே, அதை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். 100 டிகிரிக்குக் கீழேயே சில மணி நேரம் பிடித்து வைத்துவிட்டுத்தான் மேலே போகிறேன். 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரியும், இறங்கும்போது அதே இடத்தில் சுருங்கும். அந்தப் பக்கத்தில் இரு வழியிலும் அவசரம் கூடாது. 1,000 டிகிரியில் 20 நிமிடம் பிடிக்கிறேன். மண்ணுக்குள் இருக்கும் கரிப்பொருள் எல்லாம் எரிந்து போனால்தான், அடுத்த சூளையில் அது வாயுவாகக் கிளம்பிக் கிளேஸில் ஊசித்துளை போடாது.

கிளேஸ்

மண் சரியானதும் கிளேஸும் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். நடந்தது நேர்மாறு. புது மண்ணில் அதே கிளேஸ் இன்னும் அதிகமாக விரிந்தது. நான்காம் சூளையைத் திறந்து கோப்பைகளை வெளியே அடுக்கியபோது டிங், டிங் என்று சத்தம். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அது கிளேஸ் பிளக்கிற சத்தம்.

இதன் காரணம் ஒன்றுதான். ஆறும்போது மண்ணும் சுருங்குகிறது, மேலே உள்ள கண்ணாடியும் சுருங்குகிறது. கண்ணாடி மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் அது இழுபட்டு விரியும். என் கிளேஸில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமப் பொடி அதிகம். அதில் உள்ள சோடியமும் பொட்டாசியமும்தான் கண்ணாடியை அதிகமாக விரிந்து சுருங்க வைப்பவை. சிலிக்கா அதற்கு எதிர். கிளேஸில் சிலிக்காவைக் கூட்டினால் சுருக்கம் குறையும்.

சரி, எவ்வளவு கூட்டுவது? 100 பங்கு கிளேஸுக்கு 3, 6, 9, 12 பங்கு சிலிக்கா சேர்த்து நான்கு கலவை செய்தேன். சேர்க்காதது ஒன்று. ஐந்தையும் சின்னக் கிண்ணங்களில் பூசிச் சுட்டேன். தட்டையான ஓடுகளில் செய்து பார்த்தால் போதாது, பாத்திரத்தின் வளைவில்தான் உண்மை தெரியும். ஆறியதும் மையைத் தேய்த்துத் துடைத்தேன். விரிசல் இருந்தால் மை அதில் தங்கும். 0, 3 இரண்டிலும் வலை தெரிந்தது. 6, 9, 12 சுத்தமாக இருந்தன.

அங்கேயே நிறுத்தியிருந்தால் 6 போதும் என்று எடுத்திருப்பேன். ஆனால் சில விரிசல்கள் நாள் கழித்து வரும். அதை வரவழைக்க ஒரு வழி: கிண்ணத்தை ஐஸ் தண்ணீரில் ஊறவைத்து, எடுத்துக் கொதிக்கும் நீரில் போட்டு, மறுபடி ஐஸ். இப்படி ஐந்து சுற்று. மூன்றாம் சுற்றில் 6 விரிந்தது. 9 கடைசி வரை தாங்கியது. 12ம் தாங்கியது, ஆனால் மேற்பரப்பு மங்கலாகி, நன்றாக உருகாதது போல இருந்தது. எதிர்ப்பக்கமும் மிகக்கூடாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். கண்ணாடி மண்ணைவிட ரொம்பக் குறைவாகச் சுருங்கினால் வாய் ஓரத்திலும் காதின் விளிம்பிலும் செதில் செதிலாக உதிரும். குடிக்கிற பாத்திரத்தில் கண்ணாடிச் செதில் என்பது விரிசலைவிடப் பெரிய ஆபத்து. 9 என்று முடிவு செய்தேன்.

பூசுவதிலும் அளவு வைத்தேன். 100 மில்லி கிளேஸ் கரைசல் 145 கிராம் இருக்க வேண்டும், முக்குவது மூன்று எண்ணும் வரை. முன்பு கண்மதிப்பில் கரைத்து, ஒருநாள் தடியாகவும் ஒருநாள் நீர்த்தும் பூசி, 'சூளை சரியில்லை' என்று சூளையைக் குறை சொல்லியிருக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சிலிக்காப் பொடி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சன்னமானது. நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. சிலிகோசிஸ் என்ற நோய்க்கு மருந்து கிடையாது. பொடிகளைக் கலக்கும்போது நல்ல வடிகட்டி வைத்த முகமூடி, தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது, சூளை எரியும் அறையில் புகை வெளியேற வழி. இந்த மூன்றிலும் நான் ஒருநாளும் விலக்குக் கொடுப்பதில்லை. காய்ந்த மண்ணைத் தேய்ப்பதானாலும் ஈரப் பஞ்சால்தான்.

ஐந்தாம் சூளையில் உள்ளே பச்சை நிறம் வைத்து நான்கு கோப்பை செய்தேன். செம்புக் கார்பனேட் 5 பங்கு. ஆழ்ந்த இலைப்பச்சை, எனக்கு மிகவும் பிடித்த நிறம். ஒன்றில் வினிகர் ஊற்றி மூன்று நாள் வைத்தேன். ஊற்றிக் கழுவியபோது வினிகர் நின்ற மட்டம் வரை பச்சை வெளிறி, மேலே ஒரு கோடு போட்டது போலத் தெரிந்தது. கண்ணாடி பிடித்து வைக்கக்கூடிய அளவுக்கு மேல் செம்பைத் திணித்திருக்கிறேன், புளிப்பு அதைக் கரைத்து எடுத்துவிட்டது. அந்த நான்கையும் பேனா வைக்கவும் தூரிகை வைக்கவும் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து என் கோப்பைகளின் உள்பக்கம் நிறமில்லாத தெளிந்த கிளேஸ் மட்டும்தான். நிறமெல்லாம் வெளியே, உதடு படும் இடத்துக்குக் கீழே. ஈயம் என் பட்டறைக்குள்ளேயே வராது.

வினிகர் சோதனை தவறான கிளேஸைக் காட்டிக்கொடுக்கும். நல்ல கிளேஸுக்குச் சான்று தராது. நிறம் மாறாமலும் உலோகம் கரையலாம். பாத்திரத்தை 4 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 24 மணி நேரம் வைத்து, கரைந்து வந்ததை அளந்து சொல்லும் ஆய்வகச் சோதனை தனியாக இருக்கிறது. மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்குவதற்கு முன் என் உள்கிளேஸை அப்படிச் சோதித்து வாங்கினேன்.

வாயும் அடியும்

ஆறாம் சூளையில் எல்லாம் கசியாமல், விரியாமல் வந்தன. பன்னிரண்டு கோப்பையில் பதினொன்று நல்லவை, ஒன்றில் மட்டும் ஊசித்துளை. அவற்றை அலமாரியில் வைக்காமல் வீட்டில் தினமும் புழங்கினோம். அதில்தான் மிச்சக் குறைகள் தெரிந்தன.

உதடு படும் இடம் தட்டையாக இருந்தால் பானம் வழிந்து தாடைக்கு வருகிறது. ரொம்ப மெல்லியதாக இருந்தால் கழுவும்போது விளிம்பு சிதைகிறது. உள்பக்கம் லேசாகச் சரிந்து, வெளிப்பக்கம் உருண்டிருந்தால் உதட்டில் சரியாக உட்காருகிறது. சக்கரத்தை விட்டு எடுக்கும் முன் ஒரு துண்டு மென்தோலை நனைத்து வாயின் மேல் மடித்துப் பிடித்து இரண்டு சுற்று விட்டால் அந்த வடிவம் கிடைக்கிறது.

அடியில் வேறு பிரச்சினை. கழுவிக் கவிழ்த்தால் அடி வளையத்துக்குள் தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது. துணியால் தனியாகத் துடைக்க வேண்டியிருக்கிறது. செதுக்கும்போதே வளையத்தில் எதிரெதிராக இரண்டு சின்ன வாய்க்கால் வெட்டினேன், தண்ணீர் தானாக வடிந்துவிடுகிறது. இதைப் பல பழைய பாத்திரங்களில் பார்த்திருக்கிறேன். அலங்காரம் என்று நினைத்திருந்தேன். சுட்ட பின் வளையத்தை வைரத்தூள் பட்டையால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதும் இப்போது வழக்கம். கிளேஸ் படாத மண் சொரசொரப்பாக இருந்தால் மேசை கீறும்.

ஏழாம் சூளைக்கு ஐந்து கோப்பைகள், உடல் ஒன்றே, காது மட்டும் ஐந்து விதம். இரண்டு விரல் நுழைவது, மூன்று விரல் நுழைவது, நான்கும் நுழைவது, மேலே கட்டைவிரல் வைக்க மேடு உள்ளது, கீழே சுண்டுவிரலுக்கு முட்டு உள்ளது. கோன்கள் மூன்று தட்டிலும் ஒன்றாக வளைந்தன. 100 டிகிரிக்குக் கீழ் வரும் வரை சூளையைத் திறக்காமல் இருந்தேன். எடுத்து அடுக்கியபோது டிங் சத்தம் இல்லை. ஐந்திலும் தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள் மேல் வைத்து, காலையில் தூக்கிப் பார்த்தேன். தாள் மொரமொரப்பாக இருந்தது.

ஐந்தையும் அத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். எதுவும் சொல்லாமல் சூடாக ஊற்றி முன்னால் வைத்தேன். அத்தைக்குக் காலையில் விரல் மூட்டுகள் மடங்காது. முதல் கோப்பையை எடுத்தார், வைத்தார். "இதுல ரெண்டு விரல்தான் போகுது, மத்ததெல்லாம் சும்மா தொங்குது." மேடு வைத்ததை எடுத்து, "இது நல்லாத்தான் இருக்கு, ஆனா கட்டைவிரலை அழுத்தணும்" என்றார். நான்கு விரல் நுழைவதை எடுத்ததும் எதுவும் சொல்லவில்லை. குடித்து முடிக்கும் வரை கீழே வைக்கவும் இல்லை.

"இதோட காது இன்னும் கொஞ்சம் அகலமா இருந்தா விரல் நுழைக்கச் சுலபமா இருக்கும், கண்ணு" என்றார் அப்புறம்.

பட்டையின் அகலத்தையும் வளைவின் இடைவெளியையும் காலிப்பரால் அளந்து எழுதி வந்திருக்கிறேன். உள் இடைவெளி 28 மில்லிமீட்டர் இருந்தது. 32 வேண்டும், ஆகவே ஈரத்தில் 36. உருண்டைகள் நிறுத்து வைத்தாயிற்று, நாளைக்குக் காலையில் எட்டாம் சூளைக்கான கோப்பைகளைத் தொடங்குகிறேன்.